போகிறவர்களும் இறங்குகிறவர்களும்

'ஓமெலாஸை விட்டுப் போகிறவர்கள்' படித்திருக்கிறீர்களா? உர்சுலா கே. லெ குவின் 1973-ல் எழுதிய சிறுகதை. அச்சில் சில பக்கங்கள்தான் வரும். மறு வருடமே ஹ்யூகோ விருது வாங்கி, அன்றிலிருந்து அரை நூற்றாண்டாகக் கல்லூரி கல்லூரியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் படுகிற பாட்டில் நமக்கு என்ன பொறுப்பு என்று எங்கே பேச்சு வந்தாலும், யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துப் போட்டுவிடுவார். இன்றைக்கு என் முறை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். ஓமெலாஸ் கடலோரத்து ஊர். கோடைத் திருவிழா நடக்கிறது. மணி அடிக்கிறது, ஊர்வலம் போகிறது, பையன்கள் குதிரைப் பந்தயத்துக்குத் தயாராகிறார்கள். அங்கே ராஜா கிடையாது, அடிமை கிடையாது, ரகசியப் போலீஸ் கிடையாது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுவும் விவரம் தெரியாத சந்தோஷம் இல்லை. அதே ஊரில் ஒரு கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், ஒரு குழந்தையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மூலையில் நாறிப்போன துடைப்பங்கள். சாப்பாடு ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் சோளமாவும் கொழுப்பும். தன் மலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஊரின் அத்தனை செழிப்பும் அந்தக் குழந்தை அங்கே கிடப்பதால்தான் நிற்கிறது என்பது ஒப்பந்தம். அதனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசினால்கூட எல்லாம் போய்விடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள், ஆத்திரப்படுகிறார்கள், கொஞ்ச நாளில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். சிலர் மட்டும் வீடு திரும்புவதில்லை. தனியாக, ஊர் வாசலைத் தாண்டி, மலைப்பக்கம் நடந்து போய்விடுகிறார்கள். அத்தோடு கதை முடிகிறது.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், ஓரிகான் மாநிலத்து சேலம் ஊர்ப் பலகையைப் பின்னாலிருந்து படித்தேன் என்றார் லெ குவின். நம்ம சேலம் இல்லை, அமெரிக்க சேலம். கருவை அவர் எடுத்தது வில்லியம் ஜேம்ஸ் 1891-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. தஸ்தயேவ்ஸ்கி 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இதையே கேட்டிருந்தது தனக்கு மறந்தே போயிருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். தமிழில் இந்தக் கதைக்கு அண்ணன் முறையில் ஒன்று இருக்கிறது, புதுமைப்பித்தனின் 'மகாமசானம்'. மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருப்பார், பட்டணம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒரு சின்னக் குழந்தை நின்று பார்க்கும். புதுமைப்பித்தன் 1948-லேயே போய்விட்டார். ஒப்பந்தம், மந்திரம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தத் தெருவே போதுமாக இருந்தது.

என் தாய்மாமா ஒருவர் தோல் ஷாப்பில் டிரம் வேலை பார்த்து ஓய்ந்தவர். தோல் பதனிடும் டேனரிக்கு எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் பேர். ஆம்பூருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். குழந்தையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அவர் கேட்டது வேறு.

"போனவன்லாம் சோத்துக்கு இன்னா பண்ணான்?"

"அத எழுதல மாமா."

"அப்ப அவன் வசதிக்காரன். நாங்க எங்க போறது? சரி, போனான், நல்லவன்னே வச்சுக்குவோம். அந்தப் புள்ள அங்கியேதான கீது?"

இந்தக் கதையைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். மாமா கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சென்னை - பெங்களூர் சாலையை ஒட்டியும் பாலாற்றை ஒட்டியும் நீள்கிறது இந்தத் தோல் பட்டை. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை ஒரு மாவட்டமாயிற்று, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். மெதுவான வேலை. 1970-களில் சீதாராமையா கமிட்டி அறிக்கைக்குப் பிறகு மத்திய அரசு, பச்சைத் தோலும் பாதி பதப்படுத்திய தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலையும் செருப்பு, ஷூவையும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அந்நியச் செலாவணி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். குரோம் பதனிடுதல் வேகம் பிடித்தது. முடிவு எடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள், பாலாற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இல்லை.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பை வாரிக் கொட்டித்தான் அனுப்புவார்கள். வந்ததும் ஊறப்போட்டால் அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கும். அடுத்தது மயிர் போக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். பிறகு சதை சீவி, அமிலத்தில் போட்டு, பெரிய மர டிரம்மில் குரோமோடு சேர்த்து உருட்டினால், வெளியே வரும்போது தோல் வெளிறிய நீல நிறத்தில் நனைந்து கிடக்கும். அதுதான் வெட் புளூ. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் சேர்கின்றன என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. குரோமியத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் விவசாயியைக் கொன்றது உப்பு. கிணறு உப்பாகும், மண்ணில் வெள்ளையாகப் பூக்கும், தென்னை குறுகிப்போகும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குவது எங்கள் பக்கத்தில் வசதிக்காகத் தொடங்கிய பழக்கம் இல்லை.

இந்த இடத்தில் ஓமெலாஸோடு ஒப்பிடுவது கொஞ்சம் இடிக்கிறது. அங்கே அனுபவிக்கிறவர் வேறு, அடைபட்டது வேறு. இங்கே அப்படிக் கோடு கிழிக்க முடியவில்லை. அக்கா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறாள், அந்தச் சம்பளத்தில் பெண் பி.எஸ்ஸி. படிக்கிறாள். அக்காவின் மாமனார் நிலத்துக் கிணறு உப்பு. ஒரே வீட்டுக்குள் விழாவும் இருக்கிறது, பாதாள அறையும் இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் வந்தது, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-ல். இந்த ஊர்களின் படிப்புக்குப் பின்னால் தோல் வணிகம் சம்பாதித்த காசும் நிற்கிறது. சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் வைத்து ஊரைக் கொண்டாடுகிற யூடியூப் தம்பிகள், பாலத்தைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாற்றம் நாற்றம்தான்.

லெ குவின் கதையில் அந்த ஒப்பந்தம் ஒரு மந்திரம். குழந்தை கஷ்டப்பட்டால் ஊர் வாழும், ஏன் என்று கேட்கக் கூடாது. கதைக்கு அது சரி. எங்கள் பக்கத்தில் அந்த மந்திரத்துக்கு வேறு வார்த்தைகள் உண்டு. "வேலை வேணுமா, தண்ணி வேணுமா?" சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். முதலாளி கேட்பார், கட்சிக்காரர் கேட்பார், டீக்கடையில் வேலை போய்விடுமோ என்று பயந்த தொழிலாளியும் கேட்பார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யார் சொன்னது? கழிவுநீரைச் சுத்தம் செய்து விட்டால் தோல் பதம் ஆகாதா? ஆகும், செலவு கூடும். அந்தச் செலவை யாரோ மிச்சம் பிடித்து, கிணற்றுக்காரன் தலையில் கட்டினார்கள். ஓமெலாஸ்காரர்களாவது விதி என்று நம்பினார்கள். இங்கே நடந்தது வெறும் செலவுக் கணக்கு.

அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னவர்கள் ஊரை விட்டுப் போகாதவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 தோல் ஷாப்புகள், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு இல்லாதவை மூடப்பட வேண்டும். நஷ்டத்தைக் கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஒரு ஆணையம். மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம்தான் என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு இது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் 'வேலூர் வழக்கு' என்றுதான் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கோட்டைக்கும் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர்.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கூடின, நிலைமை கொஞ்சம் மாறியது. அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் நஷ்ட ஈட்டைப் பாருங்கள். 2001-ல் ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. பேப்பரில் பெரிய எண். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வராது. 1991 முதல் 1998 வரைக்குமான பாழுக்கு அது. 1998-க்கு அப்புறம் என்ன என்ற கேள்வியோடு வழக்கு நீண்டு, 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நஷ்ட ஈட்டைக் கொடு, கெடுத்தவரிடம் வசூலி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்றார்கள். முதல் மனுவுக்கும் இதற்கும் நடுவில் 34 வருடம். மனு போட்ட தலைமுறையில் எத்தனை பேர் இதைப் பார்க்க இருந்தார்களோ.

போகிறவர்கள் என்றால் நல்லவர்கள் என்று லெ குவின் எங்கும் எழுதவில்லை, படிக்கிற நாம்தான் அப்படி எடுத்துக்கொள்கிறோம். ராணிப்பேட்டைக்காரர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோலுக்கு வேண்டிய குரோம் உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு மலைபோல அங்கேயே கிடந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியல் போட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. ஊரை விட்டுப் போவதில் இந்த வகையும் உண்டு.

நடந்து வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்தது. சுவர் சரிந்து, சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. உள்ளே வேலை முடித்துப் படுத்திருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓமெலாஸை விட்டு நடந்து போகிறவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதைத் தன்னால் விவரிக்க முடியவில்லை என்கிறது கதை. இவர்கள் வந்து சேர்ந்த இடம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன்.

இனி, மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், கதையில் ஒரு குறை என்றார். "அத்தினி பேர் போய்ப் பாத்தானுங்க. ஒருத்தன்கூட உள்ள எறங்கலியா?"

இல்லை மாமா, யாரும் இறங்கவில்லை என்றேன்.

"நம்ம ஆளுங்க எறங்குவாங்க" என்றார். அவர் வேலை பார்த்த இடம் ஒன்றில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கியிருக்கிறார். சத்தமே இல்லை. மேலே கயிறு பிடித்தவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரும் திரும்பவில்லை. மூன்றாவதாக இறங்கப் போனவரை மாமாவும் இன்னொருவரும் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர் திமிறிக்கொண்டு இவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாராம். "இன்னிக்கு வரைக்கும் எங்கூட அவன் பேசறதில்ல" என்றார் மாமா. உயிரோடு இருக்கிறார், பேச்சு மட்டும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறதென்றால், சல்பைடு கலந்த கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கழிவு நாள்பட்டு அழுகினாலும் கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, பயமில்லை என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து. இரண்டு மூன்று மூச்சிலேயே ஆள் விழுந்துவிடலாம். ஒருவர் பின்னால் ஒருவர் இறங்கிச் சாவது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே சொல்லியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. அடுத்தவர் மீதான பொறுப்பு என்று தத்துவக்காரர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். லுங்கியை மடித்துக் கட்டியவருக்கு யோசிக்க நேரம் இல்லை. கூட வேலை செய்தவன் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்.கே. ஜெமிசின் லெ குவினுக்குப் பதிலாக 2018-ல் 'தங்கிப் போராடுகிறவர்கள்' என்று ஒரு கதை எழுதினார். அதில்கூட இப்படி ஓர் ஆள் இல்லை. அவரை வீரர் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் புகழ்ந்தால், அவரை அந்தத் தொட்டிப் பக்கம் நிறுத்தியவர் தப்பித்துவிடுவார். ஒரு வாயு அளக்கும் கருவி, ஒரு பம்பு, ஒரு மூச்சுக் கவசம். இதற்கான செலவை மிச்சம் பிடித்தவரின் பொறுப்பைத்தான், இறங்கியவர் தன் உயிரால் கட்டினார். கிணற்றுக்காரன் கட்டிய அதே கணக்கு.

ஆகவே படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோல் ஷாப்போ, கல்யாண மண்டபமோ, உங்கள் சொந்த வீட்டு செப்டிக் டேங்க்கோ, ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய விடாதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம், இறங்குகிறவரே சம்மதித்தாலும் குற்றம்தான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பின்னால் இறங்கப் பாய்கிறவரை, அவர் எவ்வளவு திட்டினாலும், பிடித்து நிறுத்துங்கள். உடனே 101-க்கோ 112-க்கோ போன் போட்டு, தொட்டிக்குள் ஆள் விழுந்திருக்கிறார், மூச்சுக் கருவியோடு வாருங்கள் என்று சொல்லுங்கள். சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது. இந்தத் தொகை யாருக்குச் சேர வேண்டுமோ, அந்த வீடுகளில் பல பேருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்த வீடு இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.